ஸ்டில் கேமராவுக்குக் கண் வந்தது, காது வரவில்லை!

ஊரில் நடக்கும் கல்யாணத்துக்கு லீவு கிடைக்காமல், மூணு மாசம் கழித்து வீடியோவில் பார்த்துப் பெருமூச்சு விடும் கூட்டம் நாம். புனேயில் குப்பை கொட்டும் எனக்கு, சொந்தக்காரர்கள் பாதிப் பேரை இப்போது வீடியோவில்தான் பழக்கம்.

அந்த வீடியோக்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பழைய காசெட் காலத்தில் முகத்துக்கு நேரே பெரிய லைட்டைப் பிடிப்பார்கள். மாப்பிள்ளை கண் கூசி முழிப்பார். பின்னால் பந்தியில் யார் அப்பளம் கேட்கிறார் என்பது வரைக்கும் தெரியும். அப்புறம் திடீரென்று ஒரு நாள், முகம் மட்டும் பளிச்சென்று, பின்னணி எல்லாம் கலங்கலாக, சினிமா மாதிரி ஆகிவிட்டது. நடுவில் என்னதான் நடந்தது?

நடந்தது 2008ல். ஆகஸ்ட் மாதம் நிக்கான் நிறுவனம் டி90 என்ற கேமராவை அறிவித்தது. வீடியோ எடுத்த முதல் டி.எஸ்.எல்.ஆர் அதுதான். 720 வரி, நொடிக்கு 24 ஃப்ரேம், ஒரு தடவைக்கு ஐந்தே நிமிஷம். மூன்று வாரத்தில், செப்டம்பர் 17 அன்று, கேனான் தன் 5டி மார்க் 2வை அறிவித்தது. இது 1080 வரி, முழு ஹெச்.டி. அமெரிக்காவில் லென்ஸ் இல்லாமல் 2,699 டாலர்.

இது எப்படி சாத்தியமானது? எஸ்.எல்.ஆர் கேமராவுக்குள் ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்பிவிடுவது அதன் வேலை. படம் எடுக்கும் நொடியில் மட்டும் மேலே தூக்கிக்கொள்ளும். பின்புறத் திரையிலேயே காட்சியைப் பார்க்கும் 'லைவ் வியூ' வசதி வந்தபோது, கண்ணாடியைத் தூக்கியபடியே வைத்து சென்சாரைத் தொடர்ந்து வேலை வாங்கினார்கள். அந்தக் காட்சியைப் பதிவு செய்தால் வீடியோ. அவ்வளவுதான்!

மாயம் சென்சாரின் அளவில் இருக்கிறது. அப்போதைய பல வீடியோ கேமராக்களில் சென்சார் ஏறக்குறைய 4.8க்கு 3.6 மில்லிமீட்டர். 5டி மார்க் 2வில் 36க்கு 24. பரப்பளவில் 50 மடங்கு! அதனால்தான் குறைந்த வெளிச்சத்திலும் படம் தெளிவாக வந்தது, பின்னணியும் அழகாகக் கலங்கியது. வின்சென்ட் லாஃபோரே என்ற புகைப்படக்காரர், கேமரா கடைக்கு வரும் முன்பே ஒன்றை வாங்கி, நியூயார்க் இரவில் 'ரெவரி' என்ற குறும்படம் எடுத்துக் காட்டினார். சினிமாக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 2010 மே மாதம் ஒளிபரப்பான 'ஹவுஸ்' தொடரின் ஆறாவது சீசன் கடைசிப் பகுதியையே இதில்தான் எடுத்தார்கள்.

நம் நாட்டுக்கும் சீக்கிரமே வந்தது. 2011ல் ராம் கோபால் வர்மா 'தொங்கல முடா' தெலுங்குப் படத்தை 5டி வைத்து ஐந்தே நாளில் எடுத்தார். அதே வருஷம் இந்தியில் அமோல் குப்தே 'ஸ்டான்லி கா டப்பா'வைச் சின்ன 7டி கேமராவில் எடுத்தார். 2012ல் தமிழில் 'வழக்கு எண் 18/9' ஸ்டில் கேமராவில் படமானது. லட்சங்கள் கொட்டி வாடகைக்கு எடுக்க வேண்டிய தோற்றம், கல்யாண ஸ்டுடியோக்காரர் சொந்தமாக வாங்கக்கூடிய பெட்டிக்குள் வந்துவிட்டது.

சரி, இதில் என்ன குறை? காது!

டி90யில் வெளி மைக் செருகவே வழியில்லை. 5டி மார்க் 2வில் செருகலாம், ஆனால் என்ன பதிவாகிறது என்று கேட்க ஹெட்ஃபோன் துளை கிடையாது. அது 2012ல் மார்க் 3 வந்தபோதுதான் வந்தது. ஒலி அளவைக் கேமரா தானே ஏற்றி இறக்கும். ஆள் பேசாதபோது 'உஸ்ஸ்' என்று இரைச்சல். கையால் ஒலி அளவை வைக்கும் வசதியை 2010 மார்ச்சில் மென்பொருள் மூலம் கொடுத்தார்கள். சினிமாக்காரர்கள் தனி ரெக்கார்டரில் ஒலி பிடித்து, கை தட்டி, பிறகு ஒட்டிக்கொண்டார்கள். கல்யாண மண்டபத்தில், நாதஸ்வரத்துக்கு நடுவில், யாருக்கு அதற்கு நேரம்? எடிட்டில் அந்த ஒலியை எடுத்துவிட்டு ஒரு சினிமாப் பாட்டைப் போடுவது சுலபம். காசெட் காலத்திலும் பாட்டு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நடுநடுவே மண்டபத்துச் சத்தமும் கேட்கும்.

எங்கள் வீட்டு வீடியோ ஒன்றில் தாத்தா வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கிறார். ஒவ்வொரு சுருக்கமும் தெரியும் அளவுக்குத் துல்லியம். வாய் அசைகிறது. கேட்பதோ வயலின். அவர் இப்போது இல்லை. "வாங்கோ, சாப்ட்டாச்சா" என்றுதான் சொல்லியிருப்பார். அதைத்தான் கேட்க ஆசை.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு விசேஷம் 2009க்குப் பிறகு இப்படி எடுக்கப்பட்டிருந்தால், எடிட் செய்யாத மூல ஃபைல்கள் இருக்கிறதா என்று ஸ்டுடியோவில் கேளுங்கள். கேனான் என்றால் எம்.வி.ஐ என்று பெயர் தொடங்கும். ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாததால் பன்னிரண்டு நிமிஷத் துண்டுகளாக இருக்கும். இரைச்சலோடு இருந்தாலும் குரல் அதில்தான் இருக்கிறது. ஹார்ட் டிஸ்கில் இடம் வேண்டும் என்று அழிக்கும் முன் வாங்கி, இரண்டு இடத்தில் காப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த விசேஷத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது, "பெரியவங்க பேசறதைப் பாட்டுப் போட்டு மூடாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஊருக்குப் போக முடியாதவர்கள் புண்ணியம் கட்டிக்கொள்வோம் உங்களுக்கு :-)