புழுங்கலரிசியும் பெரிபெரி நோயும்

ஒரு மக்கட் கூட்டத்தின் உணவு வரலாற்றை ஆராயப் புகுவோர் அரசர் பெயர்களையும் போர்க்களங்களையும் தேடியலைதல் வேண்டா. நெற்பானையும் உரலும் உலையுமே அவர்க்குப் போதிய சான்றாகும். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் தமிழர் இல்லங்களில் அன்றாடச் சோற்றுக்குப் புழுங்கலரிசியும், பொங்கலுக்கும் மோதகத்துக்கும் பச்சையரிசியும் எனப் பகுத்து வைக்கும் வழக்கம் நாம் யாவரும் அறிந்ததே. இப்பகுப்பு எதன் பொருட்டு என வினவினால், புழுக்கிய நெல்லைக் குத்துதல் எளிது, குறுநொய் மிகாது, சோறு பசி தாங்கும் என நம் மூதாட்டியர் விடை பகர்வர். இது நோய் தடுக்கும் மருந்து என்று அவர் கூறக் கேட்டதில்லை. ஆயினும், கடல் கடந்து சென்ற தமிழ்த் தொழிலாளரை ஒரு கொடு நோயினின்றும் காத்தது இப்புழுங்கலரிசியே என்பதும், அவ்வுண்மையை ஆராயப் புகுந்தமையால் உலக மருத்துவம் ஒரு புதிய வழியிற் சென்றது என்பதும் வரலாறு காட்டும் செய்திகளாகும்.

அந்நோய் பெரிபெரி எனப்படும். கால் மரத்துக் கெண்டைத் தசை நோவெடுக்கும், நடை தள்ளாடும், சிலர்க்கு உடல் வீங்கி இதயம் தளர்ந்து உயிர் பிரியும். அதன் பெயரே நம் தீவுக்கு உரியது என்பர். 'இயலாது' எனப் பொருள்படும் சிங்களச் சொல் இரட்டித்து வந்தது என்பது பலர் கொள்கை. இலங்கையிலிருந்த ஆங்கிலப் படையின் மருத்துவராகிய தோமஸ் கிறிஸ்ரி என்பார் இந்நோயைப் பற்றி எழுதிய குறிப்பு 1804ஆம் ஆண்டிலேயே அச்சேறியது. சென்னையில் மல்கம்சன் என்பார் 1835இல் தனி நூலே வெளியிட்டார். இவ்விருவருள் எவரும் அரிசியை ஐயுற்றாரல்லர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவியால் இயங்கும் ஆலைகள் கீழ்த்திசையெங்கும் தோன்றின. உரலிற் குத்திய அரிசியில் ஓரளவு தவிடு எஞ்சி நிற்கும். ஆலையோ அதனை முற்றத் துடைத்து, முத்துப் போன்ற வெள்ளரிசியை மலிவாகத் தந்தது. மக்கள் அதனையே நாகரிக உணவெனக் கொண்டனர். அவ்வெள்ளரிசி சென்ற சிறைகளிலும் சுரங்கங்களிலும் கப்பல்களிலும் பாசறைகளிலும் பெரிபெரியும் உடன் சென்றது. யப்பானியக் கடற்படையில் 1883ஆம் ஆண்டு நெடும்பயணம் சென்ற ஒரு கப்பலில் 376 பேருள் 169 பேர் நோயுற, 25 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு தக்காக்கி என்னும் மருத்துவர் உணவை மாற்றி அதே வழியில் வேறொரு கப்பலை அனுப்பினார், ஒருவரும் இறந்திலர். ஆனால் புரதக் குறைவே காரணம் என அவர் கருதினார். மருந்து சரி, விளக்கம் பிழை. மருத்துவ வரலாற்றில் இது புதுமையன்று. சாவகத் தீவில் எயிக்மன் என்பார் 1890ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் கோழிகளுக்கு வெள்ளரிசிச் சோறிட, அவை கால் தளர்ந்து வீழ்ந்தன. தவிடு நீங்காத அரிசியிட, எழுந்து நடந்தன.

மலாய் நாட்டில் நிகழ்ந்தவையே நமக்கு நெருங்கிய செய்திகள். நெகிரி செம்பிலானில் மருத்துவராயிருந்த பிறாடன் என்பார், சீனத் தொழிலாளர் இந்நோயாற் பெருந்தொகையினராய் மடிய, அவரோடு ஒரே நாட்டில் ஒரே வெயிலிலும் மழையிலும் உழைத்த தமிழர் பெரும்பாலும் தப்பியிருத்தலைக் கண்டார். சீனர் உண்டது சியாம் நாட்டு வெள்ளரிசி. தமிழரோ தமக்குப் பழகிய புழுங்கலரிசியையே வேண்டி உண்டனர். வீட்டில் நெல் குத்தி உண்ட மலாயரும் நோய்க்கு ஆளாகவில்லை. பிறாடன் 1907இல் வெளியிட்ட தம் நூலில், பழகிய வெள்ளரிசியில் ஒரு நஞ்சு தோன்றுகின்றது என முடிவு செய்தார். இதுவும் பிழையே, ஆயினும் கண் சென்ற இடம் சரியானது.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெச்சர் என்பார் 1905ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சோதனை தொடங்கினார். நோயாளரை ஒருவர் விட்டொருவராகப் பிரித்து, ஒரு பாதியினர்க்கு வெள்ளரிசியும் மறு பாதியினர்க்குப் புழுங்கலரிசியும் வழங்கினார். நோய் இடத்தினால் வருவதோ என்னும் ஐயம் நீங்க, இரு திறத்தாரையும் விடுதி மாற்றியும் பார்த்தார். வெள்ளரிசி உண்ட 120 பேருள் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேருள் அந்நோயால் இறந்தவர் எவருமிலர். இக்கணக்கைப் படிக்குந்தோறும் எம் உள்ளம் துணுக்குறுகின்றது. தம்மை வைத்து நடப்பது யாதென அறியும் நிலையில் இல்லாத அப்பதினெண்மரின் பெயர்கள் எந்தப் பாட நூலிலும் இல்லை. பின்னர்ப் பிறேசரும் ஸ்ரான்ரனும் ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளரிடையே உணவை மாற்றி மாற்றி வழங்கி, வெள்ளரிசி உண்டாரிடையே மட்டும் நோய் தோன்றுதலைக் கண்டனர். புதிய வெள்ளரிசியும் நோய் தருதலின் நஞ்சு என்னும் கொள்கை வீழ்ந்தது. அரிசியில் உள்ளதொன்று கொல்லவில்லை. அதினின்று நீக்கப்பட்டதொன்றே கொன்றது என்பது துணியப்பட்டது.

நீக்கப்பட்டது யாது? 1912இல் பூங்க் என்பார் இத்தகைய பொருள்களுக்கு விற்றமின் எனப் பெயரிட்டார். தமிழில் யாம் உயிர்ச்சத்து என்கின்றோம். நெல்லின் தவிட்டிலும் முளையிலும் செறிந்துள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து நீரிற் கரைவது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்குங்கால் அது நீரோடு அரிசியின் உள்ளே இறங்கிப் பதிந்துவிடுகின்றது. பின்பு தவிட்டைத் தீட்டி நீக்கினும் அதிற் பெரும்பகுதி எஞ்சி நிற்கும். உடலில் இச்சத்துச் சேமிப்பு சில கிழமைகளுக்கே போதும். ஆதலின் சோறே உணவாகவுள்ள ஏழைக்கு அரிசியின் தரமே வாழ்வும் சாவுமாயிற்று.

தயமினின் அமைப்பை அறிந்து 1936இல் அதனைச் செயற்கையாக ஆக்கியவர் றொபேட் வில்லியம்ஸ். அவர் அமெரிக்கரெனினும் பிறந்தது நெல்லூரில். மணிலாவில் தவிட்டுச் சாறு ஊட்டக் குழந்தைகள் உயிர் பெற்றதைக் கண்ட நாள் முதல் இருபதாண்டுக்கு மேல் இதன் பின் சென்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிலிப்பைன் தீவுகளில் பத்தான் மாகாணத்து மக்களுக்குத் தயமின் சேர்த்த அரிசியை வழங்குவித்தார். அங்கே பெரிபெரிச் சாவு பெரிதும் குறைந்தது. ஆலை பறித்ததை மற்றோர் ஆலை மீட்டளித்தது என்க. நம்மவர் பானை இதனைப் பொருட்செலவின்றிச் செய்து வந்தது.

நம் நகருக்கு மீள்வோம். கொழும்பிலே நுண்ணுயிரியல் ஆய்வுக் கழகத்தின் தலைவராயிருந்த லூசியஸ் நிக்கல்ஸ், உயிர்ச்சத்துக் குறைவால் தோல் தேரைத்தோல் போலாகும் நோயை 1933இல் விளக்கி, 1938இல் வெப்ப நாட்டு உணவைப் பற்றிய நூலை வெளியிட்டார். நான்காண்டுகளுள் உணவு ஆய்வறைப் பொருளாயிராது தெருப் பொருளாயிற்று. 1942 மார்ச்சில் றங்கூன் யப்பானியர் வசமாகப் பர்மா அரிசி நின்றது. ஏப்பிரல் 5ஆம் நாள் கொழும்பின் மேல் குண்டு வீழ்ந்தது. துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையார் கப்பலின் வரவையே நோக்கியிருந்தவராதலின், இவ்விரண்டனுள் எது அவரை மிக வருத்திற்று என்பது ஆராயத் தக்கது. அரிசி பங்கீட்டுக்குள்ளாயிற்று, கோதுமை மாவும் பாணும் உலையருகே இடம் பெற்றன. மாவும் தவிடு நீக்கிய வெண்மாவே. 1953 யூலையில் 25 சதமாயிருந்த ஒரு கொத்துக் கூப்பன் அரிசி 70 சதமாக உயர்த்தப்பட்டது; பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஓகத்து 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஒற்றோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அரிசியின் விலை ஒரு பிரதமரை வீழ்த்துமெனின், அதன் தவிட்டைப் பற்றி ஒருவரும் அன்று வாதிடாமை வியப்பன்று.

துணையுணவு ஊட்டும் முயற்சி இங்கு வேரூன்றியது 1973இல் திரிபோஷா தொடங்கிய பின்னரே. சோளமும் சோயாவும் உயிர்ச்சத்துக்களும் கலந்த அம்மா, கருவுற்ற தாயர்க்கும் பாலூட்டுவோர்க்கும் மெலிந்த குழந்தைகட்கும் தாய்சேய் நிலையங்களில் இலவசமாகக் கொடுக்கப்படலாயிற்று. 1995இல் உப்பில் அயடீன் சேர்த்தல் சட்டமாயிற்று. இவை அரசு அறிந்து செய்தவை.

அறியாது செய்யப்படுவனவும் நின்றபாடில்லை. புழுங்கலரிசியேயாயினும் அதனைப் பலகாற் கழுவிக் கஞ்சியை வடித்துக் கொட்டினால், நீரிற் கரையும் சத்தின் ஒரு பகுதி கஞ்சியோடு போய்விடும். கஞ்சியை உப்பிட்டுப் பருகிய வீடுகளில் அது வீணாகவில்லை. பின்னர்க் கொழும்பின் அடுக்குமாடி வீடுகளில் வடிக்கும் பானை மறைந்து மின்சாரச் சோற்றுக்கலம் வந்தது. அதில் இட்ட நீர் சோற்றிலேயே வற்றுகின்றது, கொட்டுதற்குக் கஞ்சியில்லை. வெள்ளவத்தை இல்லத்தரசி ஒருவரை அதனை வாங்கியது ஏனென வினவினோம். கை சுடாது, நேரம் மிச்சம் என்றார்.