ஜொகூர் ஆற்றங்கரைக் கோட்டைகள்



சரித்திரம் என்றால் நம் பிள்ளைகள் தஞ்சாவூரைச் சொல்வார்கள், மலாக்காவைச் சொல்வார்கள். "செம்பனைக்கும் பால்மரத்துக்கும் நடுவுல நமக்கென்ன சரித்திரம்?" என்பார்கள். கோத்தா திங்கி வட்டாரத்தில் வாழும் நாம் அப்படிச் சொல்லலாமா? 'கோத்தா' என்றாலே கோட்டைதானே!

1511-இல் மலாக்கா போர்த்துக்கீசியர் வசமானது. நாடிழந்த சுல்தானின் வழிவந்தோர் ஜொகூர் ஆற்றங்கரையில் புதிய அரசை வளர்த்தார்கள். ஜொகூர் லாமா அவர்களின் தலைநகரமாயிற்று. 1587-இல் போர்த்துக்கீசியப் படை அந்நகரை அழித்தது. பிறகு ஆற்றின் மேற்பகுதியில் பத்து சாவார் தலைநகரமானது. 1613-இல் ஆச்சே படை அதையும் தாக்கியது. 1699-இல் சுல்தான் மாமூட் கோத்தா திங்கியில் கொலையுண்டார். அவருடைய கல்லறை கம்போங் மாக்காமில் உள்ளது.

இன்று ஜொகூர் லாமா ஆற்றோரத்துச் சின்னக் கம்பம். ஆனால் கோட்டையின் மண்மேடுகள் இன்னும் நிற்கின்றன. அங்கே நடந்த அகழ்வாய்வுகளில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. கப்பல்கள் வந்துபோன துறைமுகம் அல்லவா!

இன்னொரு செய்தியும் உண்டு. இந்தியாவிலிருந்து வந்த ஓர் அரசன் ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் இருந்த கருங்கல் கோட்டையை வென்றதாக 'செஜாரா மெலாயு' நூல் கூறுகிறது. 1025-இல் கடாரத்தின் மீது படையெடுத்த ராஜேந்திர சோழனின் நினைவுதான் அக்கதையில் கலந்திருக்கிறது என்று கருதுவோர் உண்டு. 2005-இல், அந்தக் கோத்தா கெலாங்கி காட்டுக்குள் இருப்பதாகப் பத்திரிகைகள் பரபரப்பாக எழுதின. நம்மவர்களும் பூரித்தார்கள். ஆய்வுக் குழு போய்த் தேடியது. நகரம் இருந்ததற்குச் சான்று இல்லை என்று 2006-இல் அறிவிக்கப்பட்டது.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. கதை வேறு, சான்று வேறு. சோழன் பெயரைச் சொல்லி மார்தட்டுவது சுலபம். கண்ணெதிரே நிற்கும் மண்மேட்டைக் காப்பாற்றுவதுதான் கடினம். அது மலாய் மன்னர்களின் கோட்டை என்றாலும், இந்த மண்ணில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கும் உரிய செல்வம்தான்.

எனவே பெற்றோர்களே, ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை ஜொகூர் லாமாவுக்குக் கூட்டிப் போங்க. தோட்டத்தில் நிலம் திருத்தும்போது பழைய பானை ஓடோ, காசோ, செதுக்கிய கல்லோ கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க, விற்காதீங்க. மாவட்ட அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டு தேசிய பாரம்பரியச் சட்டம். மண்ணிலிருந்து எடுத்துவிட்டால் அது வெறும் ஓடு. கிடந்த இடத்திலேயே விட்டுச் சொன்னால் அதுவே சான்று!