லிமிடெட் எடிஷன் படங்கள் - ஒரு எண்ணின் கதை

வீட்டு ஹாலில் மாட்ட பிரேம் போட்ட ஓவியப் பிரதி வாங்கப் போனால், சில படங்களின் கீழ் ஓரத்தில் பென்சிலால் 25/100 என்று எழுதியிருக்கும். மொத்தம் 100 பிரதிகள், அதில் இது 25-வது என்று அர்த்தம். பக்கத்தில் ஓவியரின் கையெழுத்து. இதைத்தான் 'லிமிடெட் எடிஷன்' என்கிறார்கள். எண் இல்லாத அதே படத்தை விட விலை பல மடங்கு அதிகம்! அந்தச் சின்ன எண்ணுக்கு அப்படி என்ன மதிப்பு?

தேய்ந்த தகடு

முதலில் இந்த எல்லையை வியாபாரிகள் போடவில்லை, தகடுதான் போட்டது. செப்புத் தகட்டில் ஊசியால் நேரடியாகக் கீறி அச்சடித்தால், சில டஜன் பிரதிகளிலேயே கோடுகள் மங்கத் தொடங்கிவிடும். அதனால் முதலில் வந்த பிரதிகளுக்கு மவுசு.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1648 வாக்கில் செய்த ஒரு படத்துக்கு 'நூறு கில்டர் படம்' என்றே பெயர். ஒரு பிரதி அந்த விலைக்குப் போனதாம்! அவர் இறந்து நூறு வருடங்களுக்குப் பிறகு, தேய்ந்து போன அந்தத் தகடு வில்லியம் பெய்லி என்பவரிடம் வந்தது. அவர் 1775-ல் கோடுகளைத் திரும்பக் கீறி சுமார் 100 பிரதிகள் அச்சடித்தார். பிறகு தகட்டை நான்கு துண்டாக வெட்டிவிட்டார். துண்டுகளிலும் தனித்தனியாக அச்சடித்தார் என்பது வேறு கதை!

கல் வந்தது, எல்லை போனது

18-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் செனஃபெல்டர் கல் அச்சைக் கண்டுபிடித்தார். பின்னர் செப்புத் தகட்டுக்கு இரும்புப் பூச்சும் வந்தது. ஆயிரக்கணக்கில் அச்சடிக்கலாம் என்ற நிலை. சப்ளை கூடினால் விலை இறங்கும் என்பது பாலபாடம். எனவே 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓவியர்களும் வியாபாரிகளும் தாங்களே எல்லை போட்டார்கள். விஸ்லர் போன்றவர்கள் பென்சிலால் கையெழுத்திட்டார்கள். எண் போடுவதும், அச்சு முடிந்ததும் தகட்டின் குறுக்கே கோடு கீறி அழிப்பதும் வழக்கமாயின. இயற்கைத் தட்டுப்பாடு போய் செயற்கைத் தட்டுப்பாடு வந்தது.

இந்தியாவில் ராஜா ரவிவர்மா இதற்கு நேர் எதிர் வழியில் போனார். 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, லட்சுமி, சரஸ்வதி படங்களை எண் எதுவும் போடாமல் அச்சடித்து விற்றார். ஏழைகளின் வீட்டுச் சுவரிலும் கண்ணாடி பிரேமுக்குள் சாமி படம் ஏறியது.

நம்பிக்கை உடைந்த இடம்

செயற்கை எல்லை நிற்பது வாக்கை நம்பித்தான். 1974-ல் அண்டோராவுக்குப் போன ஒரு லாரியை பிரெஞ்சு அதிகாரிகள் நிறுத்தினார்கள். உள்ளே சல்வடோர் டாலி கையெழுத்திட்ட சுமார் 40,000 வெற்றுத் தாள்கள்! படமே இல்லை, கையெழுத்து மட்டும் ரெடி. இன்றும் டாலி பிரதிகள் என்றால் சந்தையில் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவில் தாமஸ் கின்கேட் இன்னொரு உதாரணம். 1990-களில் இவரது குடிசை வீட்டுப் படங்கள் மால்களில் விற்றன. 'லிமிடெட்' என்ற பெயரிலேயே ஆயிரக்கணக்கில் பிரதிகள். அச்சடித்த கேன்வாஸ் மேல் ஊழியர்கள் பிரஷ்ஷால் சில தீற்றல்கள் போட்டால் விலை இன்னும் ஏறும். பிறகு மறுவிற்பனையில் பல படங்கள் வாங்கிய விலைக்குக் கீழே போயின.

இன்றைய இங்க்ஜெட் அச்சுக்கு 'ஜீக்லே' என்று 1991-ல் ஒரு பிரெஞ்சுப் பெயர் வைத்தார்கள். இதில் தேய்வதற்குத் தகடே கிடையாது. 1-வது பிரதிக்கும் 500-வது பிரதிக்கும் வித்தியாசமும் கிடையாது.

எனவே வாங்குபவர் கேட்க வேண்டியது மூன்று கேள்விகள். மொத்தம் எத்தனை பிரதிகள்? எண்ணில் சேராத 'ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப்' பிரதிகள் எத்தனை? வேறு அளவில் மறுபடி அச்சடிப்பார்களா? பதிலை பில்லில் எழுதி வாங்குவது நல்லது. எண் பிரேமுக்குள் மறைந்திருந்தால் கழற்றிப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. கணக்கில்லாமல் அச்சடித்த ரவிவர்மா படங்கள் ஈரத்திலும் பூச்சியிலும் அழிந்து, மிஞ்சிய பழைய பிரதிகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். எல்லை போட்டு விற்ற பல படங்களை வாங்கத்தான் ஆள் இல்லை!