சுளுக்கா, முறிவா? கணுக்காலின் கதை

போன வாரம் ஒரு வேலையா மத்தூர் போயிருந்தேன். கிருஷ்ணகிரி - ஊத்தங்கரை ரோட்டுல இருக்கிற ஊர். பஸ்ஸை விட்டு இறங்கும்போது ரோட்டு விளிம்புல பாதம் உள்பக்கமா மடங்கிடுச்சு. கணுக்கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கிப்போச்சு. டீக்கடையில உடனே மூணு வைத்தியம். உப்பு, மஞ்சள், புளி காய்ச்சிப் பத்துப் போடச் சொன்னார் ஒருத்தர். கால் முதல்ல வந்து பிறந்தவங்க நீவினா சரியாயிடும்னாங்க ஒரு பாட்டி. "எதுக்கு வம்பு, புத்தூர் கட்டு போட்டுக்கோங்க"ன்னார் கடைக்காரர்.

புத்தூர் இப்போ ஆந்திராவுல இருக்கு. அங்க ஒரு ராஜு குடும்பம் 1881-லேருந்து எலும்பு முறிவுக்குக் கட்டு போடுறதா சொல்றாங்க. அப்போ அது சென்னை மாகாணத்தோட வடஆற்காடு ஜில்லா. நம்ம மத்தூர்ப் பக்கம் சேலம் ஜில்லா. மூங்கில் சிம்பு, துணி, முட்டை வெள்ளைக்கரு, பச்சிலைச் சாறு. இதை நான் கேலி பண்ண மாட்டேன். சிம்பு வெச்சு அசையாம நிறுத்துறதுங்கிறது எலும்புக்குச் சரியான யோசனைதான். ஆனா உள்ள இருக்கிறது முறிவா, நார் கிழிசலான்னு யாருக்குத் தெரியும்? ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிச்சதே 1895-லதான். அதுக்கு முன்னாடி எந்த ஊர் டாக்டரும் விரலால அமுக்கிப் பார்த்துத்தான் சொல்லணும். முறிஞ்ச காலை சுளுக்குன்னு நினைச்சு உருவி விட்டா எலும்பு இன்னும் விலகிடலாம்.

எக்ஸ்ரே வந்ததும் நேர்மாறான பிரச்சினை: வீங்கின கால் எல்லாத்துக்கும் படம். பெரும்பாலான படத்துல முறிவே இருக்காது. கனடாவுல இயன் ஸ்டீல் என்ற டாக்டரோட குழு 1992-ல இதுக்கு ஒரு விதி கொண்டு வந்தாங்க, ஒட்டாவா விதி. கணுக்கால் மொட்டு எலும்போட பின்விளிம்பையும் நுனியையும், பாதத்துல சுண்டுவிரல் பக்கத்து எலும்போட அடியையும், உள்பக்க மேடான எலும்பையும் அமுக்கிப் பாருங்க. எலும்பு மேலேயே வலிச்சாலோ, அடிபட்டப்பவும் ஆஸ்பத்திரியிலயும் நாலு எட்டு வைக்க முடியலைன்னாலோ, படம் எடுக்கணும். நான் டீக்கடையிலயே நொண்டி நொண்டி நாலு எட்டு வெச்சேன். எலும்பு மேலயும் வலி இல்ல. அதனால நீவவும் விடல, கட்டும் போடல.

அடுத்து, ஐஸ். ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைக்கிறதுங்கிற சூத்திரத்துக்கு 1978-ல பேர் வெச்சவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க டாக்டர். 2014-ல அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுறதைத் தாமதப்படுத்தலாம்னு எழுதினார். தன் சூத்திரத்தைத் தானே திருத்தின ஆள். எனக்கு அவர் மேல மரியாதை கூடிருச்சு. வலி குறைய ஐஸ் கொஞ்ச நேரம் வெச்சுக்கலாம், அவ்வளவுதான்.

நம்ம ஆளுங்க கவனிக்காதது இன்னொண்ணு. லண்டன்ல மைக்கேல் ஃப்ரீமன் 1965-லயே எழுதிட்டார்: நார் கிழியும்போது, பாதம் எந்தப் பக்கம் சாயுதுன்னு உணர்ற நரம்பும் கெட்டுப்போகலாம். அதனாலதான் ஒருதடவை மடங்கின கால் திரும்பத் திரும்ப மடங்குது. அதுக்கு அவர் சொன்னது சமநிலைப் பயிற்சி.

ஓசூர்ல ஷிப்ட் முழுக்க நின்னு வேலை பார்க்கிறவங்க, லீவு போட்டா சம்பளம் போயிடும்னு மூணாம் நாளே பூட்ஸ் மாட்டிட்டுப் போறாங்க. வீக்கம் வடிஞ்சா ஆறிடுச்சுன்னு நினைப்பு. இஎஸ்ஐ-ல இருக்கிறவங்களுக்கு, தகுதி இருந்தா, டாக்டர் சான்றிதழோட நோய்க்கால உதவியா சராசரி தினச் சம்பளத்துல 70 சதவீதம் கிடைக்கும். கேட்டு வாங்குங்க.

நான் இப்போ பல் தேய்க்கும்போது ஒத்தைக் கால்ல நிக்கிறேன், ஒரு கையால சுவத்தைத் தொட்டுக்கிட்டு.