களஞ்சியம் சொல்லும் வரலாறு

பொருளாதார வரலாறு எழுதுவோர் உற்பத்தியையும் விலையையும் ஆராய்வர். களஞ்சியத்தின் கதவைத் திறந்து பார்ப்போர் சிலரே. விற்பனையாகாத பண்டமும் பயன்படுத்தப்படாத மூலப்பொருளும் சேர்ந்ததே சரக்கிருப்பு. ஆண்டின் தொடக்கத்திலும் இறுதியிலும் உள்ள இருப்புகளுக்கிடையிலான வேறுபாடு, தேசிய வருமானக் கணக்கில் முதலீட்டின் ஒரு கூறாகும். அளவிற் சிறியதாயினும், ஒரு சமுதாய அமைப்பின் இயல்பை அது வெளிப்படுத்திவிடுகிறது. இரு நாடுகளை ஒப்புநோக்கினால் இவ்வுண்மை புலனாகும்.

முதலில் ஐக்கிய அமெரிக்காவைக் காண்போம். போருக்குப் பின்னர் அங்கு வணிகர் களஞ்சியங்களை நிரப்பினர். 1948 இன் இறுதியில் விலைகள் சரியத் தொடங்கவே, புதிய கட்டளைகளை நிறுத்தி, இருப்பை விற்றுத் தீர்க்க முற்பட்டனர். மக்களின் நுகர்வு பெரிதும் குறையவில்லை. எனினும் தொழிற்சாலைகள் வேலையைச் சுருக்கின. 1948 நவம்பரில் 3.8 வீதமாயிருந்த வேலையின்மை, 1949 ஒக்டோபரில் 7.9 வீதமாயிற்று. களஞ்சியத்தின் சுமையை இறக்கியவன் வணிகன். அச்சுமையைத் தோளில் ஏற்றவன் தொழிலாளி.

சோவியத் ஒன்றியத்தில் நிலைமை வேறு. அங்கு இருப்புப் பெருகியதற்காக எவரும் வேலையிழக்கவில்லை. ஆயினும் களஞ்சியங்கள் நோயற்றிருந்தன என நாம் கூறுதல் பொருந்தாது. மொத்த உற்பத்தியே திட்ட இலக்காயிருந்தமையால், வாங்குவாரற்ற உடைகளும் நிறைவேறிய இலக்காகவே எண்ணப்பட்டன. 1960களின் தொடக்கத்தில் அவை கடைகளிற் குவிந்து கிடந்தன. 1962 செப்டெம்பரில் பேராசிரியர் லீபர்மன் பிராவ்தா இதழில் எழுதிய கட்டுரை பெரும் விவாதத்தை எழுப்பியது. 1964 இல் மொஸ்கோவின் பொல்செவிச்கா, கோர்க்கி நகரின் மாயாக் ஆகிய ஆடைத் தொழிற்சாலைகள் கடைகளின் கட்டளைப்படி உற்பத்தி செய்யும் சோதனையில் ஈடுபட்டன. மறு ஆண்டு கொசிகின் கொணர்ந்த சீர்திருத்தம், விற்பனையான பண்டத்தையே இலக்காக்கியது.

ஹங்கேரியப் பொருளியலறிஞர் யானோஷ் கோர்னாய் 1980 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. சந்தைப் பொருளாதாரத்தில் முடிவுற்ற பண்டமே பெரிதும் தேங்குகிறது. வாங்குவோரைத் தேடுவதே அங்குள்ள கவலை. மையத் திட்டப் பொருளாதாரத்திலோ மூலப்பொருளே தேங்குகிறது. நாளை கிடைக்குமோ என்ற ஐயத்தால் முகாமையாளர் இன்றே பதுக்கி வைக்கின்றனர். ஓரிடத்தின் பதுக்கல் மற்றோரிடத்தின் பற்றாக்குறையாகிறது. பொதுமக்கள் கடை வாயிலில் வரிசையில் நிற்கின்றனர்.

இது நமக்குத் தொலைதூரக் கதையன்று. 1950 இல் கொரியப் போர் மூண்டபோது அமெரிக்கா மூலப்பொருள்களைச் சேமிக்க முனைந்தது. இலங்கை றப்பரின் விலை உயர்ந்தது. அவ்வேகம் தணிந்ததும் விலை வீழ்ந்தது. 1952 இல் சீனாவுடன் செய்த அரிசி-றப்பர் உடன்படிக்கையின் பின்னணியில் அவ்வீழ்ச்சியும் உண்டு. பால்வெட்டும் தொழிலாளியின் உலைநீர், கடல்கடந்த களஞ்சியமொன்றின் கணக்கேட்டோடு பிணைந்திருந்தது.

ஆகவே, இருப்பு எவ்வளவு என்பதோடு நமது கேள்வி முடிந்துவிடாது. எதனை, எவருக்காகச் சேர்ப்பதென்று தீர்மானிப்பவர் யார்? தீர்மானம் பிழைத்தால் அதன் விலையைக் கொடுப்பவர் யார்? முதலாளியின் இலாபக் கணக்கும் அதிகாரியின் இலக்குக் கணக்கும் உழைப்பவனைக் கேளாமலே எழுதப்பட்டன. உற்பத்தி செய்வோரும் நுகர்வோரும் அக்கணக்கைத் தாமே எழுதும் உரிமை பெறும்வரை, களஞ்சியம் நிறைந்தாலும் குறைந்தாலும் துன்புறுவோர் அவர்களே.