மெக்வாரியர்

மெக்வாரியர் என்பது பாட்டில்டெக் பலகை ஆட்டத்தின் கற்பனை உலகை அடிப்படையாகக் கொண்ட நிகழ்பட ஆட்டத் தொடர் ஆகும். கதை 31ஆம் நூற்றாண்டில் நிகழ்கின்றது. 20 முதல் 100 டன் வரை எடையுள்ள, மெக் எனப்படும் நடக்கும் போர் இயந்திரத்தை ஆட்டக்காரர் உள்ளிருந்து இயக்குவார். டைனமிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய முதல் ஆட்டத்தை ஆக்டிவிசன் 1989இல் வெளியிட்டது.

ஆட்டமுறை

ஏனைய சுடும் ஆட்டங்களில் இருந்து இதனை வேறுபடுத்துவது வெப்பம். ஆயுதங்களைச் சுடச்சுட இயந்திரம் சூடேறும்; எல்லை மீறினால் போரின் நடுவே நின்றுவிடும். எப்போது சுடாமல் இருப்பது என்று அறிவதே இதில் பாதித் திறமை.

மீட்டுருவாக்கம்

2002இல் வெளியான மெக்வாரியர் 4: மெர்செனரீசுக்குப் பின்னர், கதையுடன் கூடிய தனியாள் கணினி ஆட்டம் எதுவும் 2019 வரை இத்தொடரில் வரவில்லை. பழைய ஆட்டங்களும் கைநழுவின. 1995இல் டாஸ் இயங்குதளத்துக்கு எழுதப்பட்ட மெக்வாரியர் 2, பிற்காலக் கணினிகளில் நேரடியாக இயங்குவதில்லை. டாஸ் சூழலை உருவாக்கித்தரும் டாஸ்பாக்ஸ் போன்ற மென்பொருள் தேவை.

இவ்விடைவெளியை நிரப்பியவர்கள் பெரும்பாலும் ஆர்வலர்களே. ஒரு தன்னார்வக் குழு கிரைசிஸ் ஆட்டத்தை மாற்றியமைத்து லிவிங் லெஜண்ட்சை 2009இல் வெளியிட்டது. மெக்டெக் குழு, மைக்ரோசாப்டின் இசைவுடன் மெர்செனரீசை 2010இல் இலவசமாக வழங்கியது.

கனடாவின் பிரானா கேம்ஸ் நிறுவனம் 2013இல் மெக்வாரியர் ஆன்லைன் என்னும் பலர் ஆடும் ஆட்டத்தையும், 2019இல் மெக்வாரியர் 5: மெர்செனரீசையும், 2024இல் மெக்வாரியர் 5: கிளான்சையும் வெளியிட்டது. வரைகலை முற்றிலும் மாறியபோதும் வெப்பக் கட்டுப்பாடு இவற்றில் கைவிடப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.