பழைய கார்புரேட்டரின் மதிப்பு

பழைய சாமான் கடைத் தராசுக்கு எல்லாப் பொருளும் எடைதான். உடைந்த வெண்கலப் பானையும், ஓட்டை விழுந்த செப்புக் குடமும், மோட்டார் வண்டியிலிருந்து கழற்றிய கார்புரேட்டரும் அதன் தட்டில் ஏறினால், கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. கார்புரேட்டர் விஷயத்தில் அந்தக் கணக்கு எவ்வளவு பிசகானது என்பதையும், பழைய கார்புரேட்டர் ஒன்றை இன்னதென்று கண்டறிந்து மதிப்பிடுவது எப்படி என்பதையும் அதன் சரித்திரத்தோடு சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். சுவாமிமலையில் உட்கார்ந்துகொண்டு மோட்டார் யந்திரத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். ஸ்தபதிகள் வாழும் ஊரில், உலோகத்தை எடையால் மட்டும் மதிக்கலாகாது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்த உரிமையில் பேசுகிறேன்.

கார்புரேட்டரின் வேலை பெட்ரோலைக் காற்றோடு கலந்து யந்திரத்துக்கு அனுப்புவது. எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். கொள்ளளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று! அகன்று வரும் வாய்க்கால் மதகின் கண்ணில் குறுகும்போது நீர் வேகம் கொள்வதை நம் காவிரிப் பக்கத்தில் பாராதவர் இல்லை. காற்றும் அத்தகையதே. குழாய் குறுகும் இடத்தில் அதன் வேகம் மிகும். வேகம் மிகுந்த இடத்தில் அழுத்தம் குறையும். இந்த உண்மையை வெஞ்சுரி என்ற இத்தாலிய விஞ்ஞானி 1797-ல் ஆராய்ந்து வெளியிட்டார். அழுத்தம் குறைந்த அவ்விடத்தில் நுண்ணிய துளையொன்றை வைத்தால், பக்கத்துக் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் உறிஞ்சப்பட்டுத் திவலைகளாய்ச் சிதறும். 1893-ல் ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா என்னும் இருவரும், ஜெர்மனியில் வில்ஹெல்ம் மாய்பாக்கும் தனித்தனியே இவ்வகைக் கருவியை அமைத்தனர். அதற்கு முன்பெல்லாம் பெட்ரோல் தொட்டியில் தானாக ஆவியாகும் வரை காத்திருக்க வேண்டும்.

காற்றால் குளிரும் யந்திரங்களுக்கு இக்கருவி இன்னும் முக்கியம். நீர் சூழ்ந்த யந்திரத்தில் உஷ்ணம் மிகுந்தால் நீர் தாங்கிக்கொள்ளும். காற்றால் குளிர்வதில் அந்தக் காவல் இல்லை. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளின் மீது வீசும் காற்றே கதி. கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்துவிட்டால் யந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறும். பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் நம் பக்கத்துச் சாலையில் அது நேர்ந்தால் வண்டியை மாட்டு வண்டியில் ஏற்றி வர வேண்டியதுதான். அவ்வளவும் கார்புரேட்டரில் ஒரு மயிரிழைத் தேய்மானத்தால் நேரக்கூடும்.

காற்றால் குளிரும் பந்தயக் கார்கள் நம் நாட்டில் மிக அரிது. நமக்கு அந்த ஸ்தானத்தில் வந்து சேர்ந்தது புல்லட் மோட்டார் சைக்கிள். இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் 1956 முதல் வண்டிகள் உருவாயின. எங்கள் கோயிலுக்கு ஏறும் அறுபது படிகளும் தமிழ் வருஷங்கள் அறுபதைக் குறிப்பவை. அந்தக் கணக்கில், 1955-ஆகிய மன்மத வருஷத்துப் புல்லட்டுக்கு 2015-லேயே ஒரு சுற்று நிறைந்துவிட்டது. படி முழுதும் ஏறி முடித்த வண்டிகள் சில இன்னும் ஓடுகின்றன.

அந்த வண்டியோடு வந்தது ஆமல் கார்புரேட்டர். ஆமாக், பிரவுன் அண்டு பார்லோ, பிங்க்ஸ் என்னும் மூன்று பிரிட்டிஷ் கம்பெனிகள் 1927-ல் ஒன்றாகிப் பிறந்த பெயர் அது. இதன் வகைகளை அறிவதற்கு முதலில் மிதவைக் கிண்ணம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கிண்ணம் தனியாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது 1950-களின் நடுப்பகுதிக்கு முந்திய அமைப்பு. உடலோடு ஒரே வார்ப்பாகப் பக்கவாட்டில் இருந்தால் அது மானோபிளாக். உடலுக்கு நேர் கீழே தொங்கினால், 1967-ல் வந்த கான்சென்ட்ரிக்.

அடுத்தது எண். மானோபிளாக்கின் உடலில் 375, 376, 389 என்ற எண்களுள் ஒன்று பொறித்திருக்கும். 375 சிறிய துளை, 376 ஓர் அங்குலத்தை ஒட்டிய நடுத்தரம், 389 பெரியது. அதற்குப்பின் சாய்கோடிட்டு வரும் எண்ணே பிறப்புச் சான்று; எந்த வண்டிக்கு எந்த அளவுகளோடு அனுப்பப்பட்டது என்பதை அதுதான் சொல்லும். கான்சென்ட்ரிக்கில் கணக்கு வேறு: 626, 930 என்று வரும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் துளையின் மில்லிமீட்டர் அளவு. உள்ளேயுள்ள ஜெட்டுகளுக்கும் எண் உண்டு. நிமிஷத்துக்கு எத்தனை கன சென்டிமீட்டர் பெட்ரோல் அதன் வழியே பாயும் என்பதே மெயின் ஜெட்டின் எண். ஸ்லைடின் அடியில் வெட்டிய சாய்வுக்கும் எண்ணுண்டு; 3 என்றால் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு. உடலின் எண்ணும் உள்ளுறுப்புகளின் எண்களும் பட்டியலோடு பொருந்தினால் அது தொடப்படாத கருவி. பொருந்தாவிடில், வெவ்வேறு கருவிகளைப் பிரித்துச் சேர்த்துக் கட்டியது.

எண் தெளிவாக இருந்தும் விலை பெறாத கார்புரேட்டர்கள் பல. என்னிடம் படித்துப் பின்பு கும்பகோணத்தில் பட்டறை வைத்த ஒருவரிடம், பக்கத்துக் கிராமத்து வீட்டிலிருந்து பத்தாயத்தடியில் பழந்துணியில் சுற்றிக் கிடந்த மானோபிளாக் ஒன்று வந்தது. பாட்டனாரின் புல்லட்டிலிருந்து கழற்றி, மிக்கார்ப் மாட்டியபோது தூக்கிப் போட்டதாம். வண்டியை விற்கும்போது இதை எடைக்குப் போடவிருந்தார்கள். பட்டறைக்காரர் முதலில் எண்ணைக்கூடப் பார்க்கவில்லை. யந்திரத்தோடு பொருந்தும் முகத்தின் மேல் ஓர் எஃகு அளவுகோலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். நடுவில் கீற்று ஒளி தெரிந்தது. போல்ட்டுகளை அளவு மீறி இறுக்கினால் இந்த உலோகம் வளைந்துவிடும்; அந்த இடைவெளியில் காற்று திருட்டுத்தனமாய்ப் புகும். பிறகு ஸ்லைடை உள்ளே இட்டு ஆட்டினார். 'டக் டக்' என்று சத்தம். ஸ்லைடும் உடலும் ஒரே இனத்து உலோகமாதலால் ஒன்றையொன்று அரைத்துவிடுகின்றன. கடைசியாக ஊசி ஏறியிறங்கும் ஜெட்டைக் கண்ணெதிரே தூக்கிப் பார்த்தார். வட்டத் துளை முட்டை வடிவாகியிருந்தது. ஜெட்டை மாற்றலாம், முகத்தைச் சமன் செய்யலாம், உடலைக் கடைந்து ஸ்லைடுக்குப் பித்தளை உறை போடலாம். எண் பொருந்தியிருந்ததால் இத்தனை செலவும் தகும் என்று அவர் வீட்டாரிடம் சொல்லி, வண்டியோடு சேர்த்தே விற்கச் செய்தார். எண் பொருந்தாததாயின் உதிரிகளுக்காக வாங்கிக்கொண்டிருப்பார். மதிப்பிடுதல் என்பது இந்தத் தீர்ப்புத்தான்.

இந்த உலோகத்தைப் பற்றி எங்களூர்க்காரன் ஒரு வார்த்தை சொல்லாமல் விடலாகாது. ஸ்தபதி தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, காவிரி வண்டலால் மூடி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை வார்க்கிறார். வார்த்தபின் மண் கருவை உடைத்தாக வேண்டும். ஆகவே ஒன்றைப்போல் மற்றொன்று இராது. கார்புரேட்டரோ உருகிய துத்தநாகக் கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்தி வார்ப்பது; ஆயிரமும் ஒன்றுபோல் வரும். ஆதலால்தான் அதற்கு எண் தேவைப்படுகிறது. இக்கலவை நானூறு டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். சாமான் கடையில் வாங்கியவன் எளிதாய் உருக்கிவிடுவதற்கும் அதுவே காரணம். ஈயம் சிறிது கலந்துவிட்டாலும் பல வருஷங்களுக்குப்பின் இது உப்பி வெடிக்கும். அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி துத்தநாகக் கம்பெனி 1929-ல் மிகத் தூய துத்தநாகத்தைக் கொண்டு இதைத் திருத்தியது. அதற்கு முந்திய வார்ப்பில் மெல்லிய வெடிப்புகள் கண்டால், எண் எவ்வளவு அரிதாயினும் வாங்க வேண்டாம். அதற்கு வைத்தியமில்லை.

போலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுக்கு அடுத்த சிவபுரத்தில் 1951-ல் மண்ணிலிருந்து கிடைத்த நடராஜரைப் பழுதுபார்க்கக் கொடுத்தபோது, திரும்பி வந்தது நகல். அது கோயிலில் வழிபாட்டில் இருக்க, 1965-ல் பிரிட்டிஷ் மியூசியத்து டக்ளஸ் பாரெட் தம் நூலில் உண்மையை வெளிப்படுத்தினார். அமெரிக்காவுக்குப் போன மூலமூர்த்தி 1986-ல் திரும்பியது. தெய்வத் திருமேனியோடு மோட்டார் உதிரியை ஒப்பிடுவதாக யாரும் எண்ண வேண்டாம். பெயர் பொறித்த நகல் கார்புரேட்டர்களும் சந்தையில் உண்டு என்பதற்காகவே இதைச் சொன்னேன். எழுத்துக்கள் ஆழமின்றி மழுங்கியிருப்பது, எண்ணே இல்லாமை, திருகுகள் வேறு புரியில் இருத்தல் ஆகியவை ஐயத்துக்கு இடம்.

மேல்நாட்டில் இதே கதை பெருந்தொகையில் நடக்கிறது. போர்ஷே 911 கார் 1964-ல் வந்தபோது அதன் ஆறு சிலிண்டர்களுக்கும் சோலெக்ஸ் கார்புரேட்டர்கள் இருந்தன. அவை சரியாக வேலை செய்யாததால் 1966-ல் கம்பெனியே வெபருக்கு மாறிற்று; கார் வைத்திருந்த பலரும் சோலெக்ஸைக் கழற்றி எறிந்தனர். இன்று அந்த முதற்கார்களைப் பிறந்த மேனியாகப் புதுப்பிப்பவர்கள் தேடுவது, எறியப்பட்ட அதே சோலெக்ஸைத்தான்! நன்றாய் ஓட வெபர், அசலாய் நிற்க சோலெக்ஸ் என்று இரு வேறு மதிப்புகள் உண்டாகிவிட்டன. வாங்குபவர் தமக்கு எது வேண்டுமென்று முதலில் தீர்மானிக்காவிட்டால் விலையில் ஏமாறுவது நிச்சயம்.

ஆமலுக்கு ஒரு சௌகரியம் உண்டு. இங்கிலாந்தில் ஸாலிஸ்பரியிலுள்ள பர்லன் நிறுவனம் மானோபிளாக்கையும் கான்சென்ட்ரிக்கையும் இன்றும் புதிதாய்ச் செய்கிறது. ஆதலால் ஓட்டுவதற்கு மட்டும் வேண்டுமானால், புதியதன் விலையிலிருந்து பழுதுச் செலவைக் கழித்து வருவதே பழையதற்கு உச்ச விலை. அதற்குமேல் கேட்பவர் எண்ணுக்காகக் கேட்கிறார். எண் பொருந்துமானால் கொடுக்கலாம்.

நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் தேதியன்று வந்த பி.எஸ்.-6 விதிகளோடு புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் அநேகமாய் ஒழிந்துவிட்டது. ஊசியையும் ஜெட்டையும் கையால் அறிந்த மெக்கானிக்குகளின் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போகிறார்கள். போதாக்குறைக்கு, 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், நெடுநாள் ஓடாமல் நிற்கும் வண்டியின் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி படிகிறது. வீட்டில் பழைய புல்லட் நிற்குமானால் கிண்ணத்திலுள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள். உடலில் பொறித்த எண்ணைப் பார்த்து ஒரு தாளில் எழுதி, வண்டியின் ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள்.